ஆடாமல் ஏ எடுக்கிறது எப்பிடி

இஞ்சை வா மோனை, உந்த வாங்கிலை இரு. பத்தாம் வகுப்புக்கு நீ என்ன பாடம் எடுக்கிறதெண்டு உள்ளுக்கை கொம்மாவும் கொப்பரும் பிடுங்குப்படுற சத்தம் ஒழுங்கை முட்டக் கேக்குது. கொப்பருக்குச் சித்திரம். பென்சிலும் கடதாசியும் காணும், செலவில்லை எண்டுறார். கொம்மாவுக்குப் பரதம். கனடா மாமி போனிலை நிண்டு, ‘பரதத்தை எடுக்கச் சொல்லுங்கோ, அரங்கேற்றச் செலவு என்ரை பொறுப்பு’ எண்டு அழாக்குறையாய்ச் சொல்லுறா. உன்னை மட்டும் ஒருதரும் கேக்கேல்லை. அது நல்லது. கேட்டால் நீ வாய்தவறி உண்மையைச் சொல்லிப்போடுவாய், பேந்து எல்லாருக்கும் கரைச்சல்.

நான் அஞ்சாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எண்டாலும் உந்தச் சாதாரண தரச் சோதினைச் சங்கதி எனக்குத் தண்ணிபட்ட பாடு. வேலிக்கு அங்காலை இங்காலை இருக்கிற வீட்டுப் பிள்ளையளின்ரை மறுமொழியளைக் கேட்டுக் கேட்டுத்தான் கிழவனானனான். ஒன்பது பாடம். சமயம், தமிழ், இங்கிலீசு, கணக்கு, விஞ்ஞானம், வரலாறு எண்டு ஆறு கட்டாயம். மிச்சம் மூண்டும் மூண்டு தொகுதியிலை இருந்து ஒவ்வொண்டு. ரெண்டாம் தொகுதியிலைதான் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் எல்லாம் கிடக்கு. ஆட்டம் பாட்டம் ஒண்டும் வராதவைக்கு இலக்கிய நயமும் அதிலை இருக்கு. மூண்டாம் தொகுதியிலை விவசாயம் எண்டும் ஒரு பாடம் இருக்காம். ‘அதை எடன் மோனை’ எண்டு நான் ஒருக்கால் வாய்விட்டதுக்குக் கொம்மா பார்த்த பார்வை இருக்கே, உங்கடை நடன நூல் அபிநய தர்ப்பணம் சொல்லுற எட்டுப் பார்வையிலையும் அது இல்லை. வெங்காயம் வித்த காசிலை ரியூசனுக்குப் போகலாமாம், வெங்காயத்தைப் படிக்கப்படாதாம்.

சரி, கிழவன்ரை புத்தியைக் கேள். கொம்மா சொல்லுறதுதான் சரி, பரதத்தையே எடு. ஆனால் ஒண்டு, ஆடிப்போடாதை.

முழுசாதை. கொம்மா உன்னைப் பரதம் எடுக்கச் சொல்லுறது நீ ஆடவேணும் எண்டில்லை. ‘பரதத்துக்கு லேசாய் ஏ வரும்’ எண்டு ரியூட்டரி வாசலிலை ஆரோ ஒரு தாய் அவவின்ரை காதிலை ஊதிப்போட்டா. 75 புள்ளி எடுத்தால் ஏ. அதுக்குக் கீழை 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ். உதுக்கும் கீழை ஒரு எழுத்து இருக்கு, அதை எங்கடை வீட்டிலை சொல்லுறேல்லை. ஒன்பது ஏ வந்தால் பேப்பரிலை படம் போடுவினம், பள்ளிக்கூட மதிலிலை பதாகை கட்டுவினம். எட்டுப் பாடத்துக்கு விடிய அஞ்சு மணியிலை இருந்து சைக்கிள் மிதிச்சு ரியூசனுக்கு ஓடுறது. ஒன்பதாவதுக்குச் சும்மா கொஞ்சம் காலைத் தட்டிக் கண்ணை உருட்டிவிட்டு வாறது. கணக்கு நல்ல கணக்குத்தான்.

ஆறாம் வகுப்பிலை இருந்து ஒன்பது மட்டும் அழகியல் பாடம் ஏதோ ஒண்டு எல்லாரும் படிக்கத்தான் வேணும் எண்டு அரசாங்கம் சொல்லியிருக்கு. அந்தப் புத்தகமும் சும்மா தருகினம். அப்பேக்கை நீ சும்மா படிச்சனி, ஒருதரும் கவனிக்கேல்லை. இப்ப பத்தாம் வகுப்பு எண்ட உடனை அது புள்ளி தாற சாமான் ஆகிப்போச்சு. சாமான் எண்டு வந்தாப் பிறகு அதை மலிவாய் எப்பிடி வாங்கிறதெண்டு பார்க்கிறதுதானே எங்கடை ஊர் வழக்கம்.

அதுக்கு வழி இருக்கு. நீ பள்ளிக்கூடம் போனாப் பிறகு உன்ரை கொப்பியை எடுத்து வாசிக்கிறது நான்தான். ஓம், மூலையிலை இருக்கிற வெத்திலைக் கறையும் என்ரைதான். அந்த அபிநய தர்ப்பணத்தை எழுதின நந்திகேசுவரர் எண்ட மனிசன் எல்லாத்தையும் எண்ணி வைச்சிட்டுப் போயிருக்கிறார். ஒத்தைக்கை முத்திரை 28, ரெட்டைக்கை முத்திரை 24. தலையை ஆட்டுறது ஒன்பது விதம், கழுத்து நாலு விதம். அது போகத் தாளக் கணக்கும் உன்ரை கொப்பியிலை இருக்கு. தாளம் ஏழு, அதை அஞ்சு சாதியாலை பெருக்கினால் 35. உவ்வளவையும் படுக்கையிலை கிடந்தே பாடமாக்கலாம். பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம், கர்த்தரீமுகம் எண்டு நீ போன கிழமை கட்டிலிலை கிடந்து முணுமுணுத்ததை நான் கேட்டனான். வாய் 28 முத்திரையும் பிடிச்சுது. கை ரெண்டும் போர்வைக்கு உள்ளுக்கைதான் கிடந்தது. நல்ல பிள்ளை, உப்பிடித்தான் படிக்கவேணும். முதலாம் வினாத்தாளிலை நாப்பது கேள்விக்குச் சரியான விடைக்கு நேரை அடையாளம் போடேக்கை பேனை பிடிக்கிற விரல் மட்டும்தானே அசையவேணும். ரெண்டாம் வினாத்தாளுக்கு மணிக்கட்டும் கொஞ்சம் வேணும். முழங்காலுக்குக் கீழை ஒரு சோலியும் இல்லை.

பள்ளிக்கூடத்திலையும் உனக்குக் கனக்கக் கரைச்சல் வராது. கிழமைக்கு ஒரு சில பாடவேளைதான் நடனத்துக்கு. அதிலையும் சோதினை கிட்ட வர கணக்கு ரீச்சர் வந்து, ‘ரீச்சர், உங்கடை பாடவேளையை இண்டைக்கு ஒருக்கால் தாறியளே’ எண்டு கேப்பா. நடன ரீச்சர் பாவம், குடுத்துப்போடுவா. கணக்குக்கு ரீச்சர் வராத நாளிலை நடன ரீச்சர் போய் அந்தப் பாடவேளையைத் தாங்கோ எண்டு கேட்டதாய் எங்கையாவது கேள்விப்பட்டனியே? அப்பிடிக் கேட்டால் அடுத்த நாள் தாய் தேப்பன்மார் அதிபரின்ரை கதவடியிலை நிப்பினம்.

ஒரு கல்லுத்தான் வழியிலை கிடக்கு. செய்முறைப் பரீட்சை. அதுக்கு வாறவைக்கு முன்னாலை போர்வைக்கு உள்ளுக்கை கையை வைச்சுக்கொண்டு நிக்க ஏலாது. அரைமண்டியிலை இருந்து தட்டடவு போடு எண்டு கேப்பினம். ‘தெய்யா தெய்’ எண்டு முதலாங்காலத்திலை நீ போட்டுவிடுவாய். ரெண்டாங்காலத்திலை மூச்சு வாங்கும். மூண்டாங்காலத்திலை எந்தப் பாடமாக்கலும் வந்து கைகுடுக்காது. அதிலைதான் ஆர் ஆடினது, ஆர் கொப்பி எழுதினது எண்டு பிடிபடும். கையாலை தாளம் போட்டு வாயாலை சொற்கட்டுச் சொல்லு எண்டு கேட்டினம் எண்டால் இன்னும் மோசம். வாய் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும், நீ நடுவிலை நிண்டு முழுசுவாய்.

அரைமண்டிக்கு மட்டும் நான் உதவி செய்வன். மாரி முடிஞ்சு வெங்காயப் பாத்தியிலை புல்லுப் பிடுங்கேக்கை நான் குந்தியிருக்கிற இருப்பைப் பார்த்திருக்கிறாய்தானே. முழங்கால் ரெண்டும் வெளியாலை, முதுகு நேரை, பாத்தி முடியுமட்டும் எழும்புறேல்லை. உங்கடை ரீச்சர் சொல்லுறதும் உதுதான், பேர் மட்டும்தான் வேறை. வெங்காயத்துக்கு ஆரும் செய்முறைப் பரீட்சை வைச்சிருந்தால் இந்தக் கிழவனுக்கும் ஒரு ஏ கிடைச்சிருக்கும், கொம்மாவும் என்னை மதிச்சு நேரத்துக்குத் தேத்தண்ணி தந்திருப்பா.

எங்கடை பண்டிதர் கோயில் மடத்திலை சிலப்பதிகாரத்துக்குப் பயன் சொல்லேக்கை நான் தூணோடை சாய்ஞ்சு கேட்டனான். பாதி நித்திரை, எண்டாலும் மாதவி வந்த இடத்திலை முழிச்சிட்டன். அஞ்சு வயசிலை துவங்கி ஏழு வருசம் படிச்சவள், பன்னிரண்டு வயசிலை அரசனுக்கு முன்னாலை ஏறினவள். ஆட்டம் பழக்கினவன் எப்பிடி இருக்கவேணும், பாட்டுக்காரன் எப்பிடி, தண்ணுமை அடிக்கிறவன் எப்பிடி, குழல்காரன் எப்பிடி, யாழ்காரன் எப்பிடி எண்டு இளங்கோவடிகள் ஆளாளாய் நிறுத்தி அளக்கிறார். மேடையையும் விடேல்லை. மூங்கில் கோல் வெட்டி, 24 பெருவிரல் அளவிலை அளந்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். உவ்வளவு துல்லியமாய் எழுதினது என்னத்துக்கு எண்டு பண்டிதரைக் கேட்டன். மேடை கோணல் எண்டு பிறகு ஒருத்தியும் சாட்டுச் சொல்லப்படாதெல்லே எண்டு நானே மறுமொழியும் சொன்னன். மனிசன் சிரிக்கேல்லை. பண்டிதர்மார் சிரிக்கிறேல்லை.

நான் சொல்ல வந்தது வேறை. அந்தப் பெட்டைக்கு ஏழு வருசமும் உது ஒண்டுதான் படிப்பு. விஞ்ஞானம் இல்லை, ரியூசன் இல்லை, கனடா மாமி இல்லை. கடைசியிலை கிடைச்சதும் ஏ இல்லை. தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன் விலையான மாலையும். அதைக் கூனி ஒருத்தி சந்தியிலை கொண்டுபோய் நிண்டு விக்க, கோவலன் வாங்கினவன். பேந்து நடந்தது உனக்குத் தெரியும். கெட்டிக்காரி ஆடினால் ஊரே எரியும் எண்டதுக்கு அது ஒரு சாட்சி. அதுதான் சொல்லுறன், நீ ஏ எடுக்கிற அளவோடை நிப்பாட்டு.

எங்கடை ஊரிலை இந்த ஆட்டத்தின்ரை கதை இருக்கே, அது வேறை முசுப்பாத்தி. பெரியமேளம் எண்டால் நாதசுரமும் தவிலும். சின்னமேளம் எண்டால் திருவிழாவிலை ஆடுற பெண்டுகள், கனபேர் தமிழ்நாட்டிலை இருந்து வந்தவை. நல்லூரிலை சதிர் எண்ட அந்த ஆட்டம் வைக்கிறதை நாவலர் ஐயா வலுவாய்க் கண்டிச்சவர். அவர் 1879இலை காலமாகினாப் பிறகும் சின்னமேளம் நிக்கேல்லை. என்ரை அப்பு சொல்லுவார், நாவலர் ஐயாவின்ரை பேரைச் சொல்லிச் சொல்லிச் சைவம் பேசின பெரியாக்களே சின்னமேளம் வந்த இரவிலை முன்வரிசைப் பாயிலை முதல் ஆளாய்க் குந்தியிருந்தவையாம். வீட்டிலை இருந்த பெண்டுகளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விடேல்லை. ஆடினவள் கூடாதவள், பார்த்தவர் பெரிய மனிசர். அந்த நியாயத்தை எந்தக் கோட்டிலை வாங்கினவையோ தெரியாது.

பிறகு காலம் மாறிச்சுது. சென்னையிலை கிருஷ்ண ஐயர் எண்ட வக்கீல் தானே பெண் வேசம் கட்டி ஆடிக் காட்டினவராம், இந்த ஆட்டத்திலை ஒரு குறையும் இல்லை எண்டு. 1936இலை ருக்மிணிதேவி அம்மா கலாசேத்திரம் துவங்கினா. அவவுக்குச் சொல்லிக் குடுத்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளை பரம்பரை நட்டுவனார். 1947இலை கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுறதைச் சென்னை அரசாங்கம் சட்டம் போட்டு நிப்பாட்டிச்சுது. உதெல்லாம் உன்ரை கொப்பியிலை வடிவாய் எழுதியிருக்கிறாய். பரம்பரையாய் அதை ஆடினவையின்ரை பிள்ளையள் பேந்து எங்கை போச்சினம் எண்டு மட்டும் கொப்பியிலை காணேல்லை. ஒரு நாளைக்கு ரீச்சரைக் கேட்டுப் பார். சோதினைக்கு வராது எண்டால் விட்டுவிடு, என்னத்துக்கு வீண் அறிவு.

இப்ப பார், சின்னமேளத்துக்கு முன்வரிசையிலை இருந்தவையின்ரை பூட்டப்பிள்ளையள் அதே ஆட்டத்தை அதே திருவிழாவிலை ஆடுகினம். முன்வரிசையிலை தாய்மார் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்தத் தாய்மார் ஒருத்தரும் பிள்ளை ஆடுறதைப் பார்க்கேல்லை, போனுக்கு உள்ளுக்கைதான் பார்க்கினம். அது வேறை சங்கதி.

கொப்பர் வேறை ஒண்டு சொன்னவர், கேட்டனியே? ‘பெட்டை எண்டபடியால் பரவாயில்லை, பொடியன் எண்டால் ஆடவிட்டிருக்கமாட்டன்’ எண்டு. எனக்குச் சிரிப்பு வந்து புரையேறிப் போச்சு. உன்ரை பூட்டன், எனக்குப் பெரியப்பு முறை, காத்தவராயன் கூத்திலை ஆரியமாலையாய் ஆடினவர். மீசையை வழிச்சு, கூறைச்சீலை கட்டி, மூக்குத்தி கொழுவி, உடுக்குச் சத்தத்துக்கு விடியுமட்டும் ஆடின ஆள். அடுத்த நாள் வெயிலிலை அதே ஆள் மண்வெட்டி பிடிச்சவர். கூத்திலை அப்ப எல்லாமே ஆம்பிளையள்தானே, ராசாவும் அவை, ராணியும் அவை. மட்டக்களப்புப் பக்கம் வடமோடி, தென்மோடி எண்டு அண்ணாவியார்மார் பொடியளை மாதக் கணக்காய்க் களரியிலை ஆட்டி எடுக்கிறவை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களிலை அந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு வந்து காட்டினாப் பிறகுதான் படிச்ச ஆக்கள் அதைக் கலை எண்டு ஒத்துக்கொண்டவை. அதுமட்டும் அது ‘நாட்டுப்புறத்தான் ஆட்டம்’. கண்டிப் பக்கமும் உப்பிடித்தான். வெஸ் எண்ட அந்த வெள்ளி முடியைத் தலையிலை வைக்கிற உரிமை முந்தி ஆம்பிளையளுக்கு மட்டும்தான். ஆட்டக்காரர் சித்திரசேனவின்ரை மனிசி வஜிரா மேடையேறித்தான் அந்த ஆட்டத்திலை பொம்பிளைக்கும் ஒரு இடம் வந்தது. நாடு முழுக்க ஆம்பிளை ஆடின ஆட்டத்தை எங்கடை வீட்டு ஆம்பிளைக்குக் கூடாதெண்டு கொப்பர் தீர்ப்புச் சொல்லுறார்.

உன்ரை தம்பியைக் கவனிச்சனியே? நீ ஜதி சொல்லிப் பழகேக்கை அவன் குசினி வாசலிலை நிண்டு காலைத் தட்டுறான். உன்னிலும் பார்க்கத் தாளம் சுத்தம். கோவிக்காதை, உண்மையைச் சொன்னால் என்ன. ஆனால் அவனுக்கு ஒருதரும் சதங்கை வாங்கிக் குடுக்கமாட்டினம். அவன் விஞ்ஞானம் படிச்சு டொக்குத்தராய் வந்து, முழங்கால் நோகுது எண்டு வாற நடன ரீச்சர்மாருக்கு எண்ணெய் எழுதிக் குடுப்பான்.

அரங்கேற்றக் கதைக்கு வருவம். கனடா மாமி சொன்னதைச் செய்வா, கை நீளமான மனிசி. இந்தியாவிலை இருந்து உடுப்பு வரும், தலைக்குச் சூரியன் சந்திரன், நெத்திச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் வரும். மண்டபம் பிடிக்கவேணும். பாட்டுக்காரர், மிருதங்கம், வயலின், நட்டுவாங்கம் எண்டு ஆளாளுக்குக் கைநிறையக் குடுக்கவேணும். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. மேலாலை பறந்து படம் எடுக்கிற அந்த வண்டுச் சாமானும் வரும், அது உன்ரை உச்சியைத்தான் வடிவாய் எடுக்கும். அலாரிப்பிலை துவங்கி ஜதீசுவரம், சப்தம், வர்ணம், பதம் எண்டு போய்த் தில்லானாவிலை முடிப்பாய். வர்ணத்துக்கு நடுவிலை சனம் வடைக்கு எழும்பும், நீ யோசியாதை, ஆடு. மாமி மேடையிலை ஏறி அழுவா. அவவுக்கும் உந்த ஆசை ஒருகாலத்திலை இருந்தது. அப்ப நான்தான் ‘வேண்டாம்’ எண்டவன். அதை விடு.

அதுக்கு அடுத்த நாள்தான் உண்மையான கூத்து. அரங்கேற்றம் எண்டால் மேடை ஏறத் துவங்கிறது எண்டு நீ நினைக்கிறாய். எங்கடை ஊரிலை அது மேடையை விட்டு இறங்கிற நாள். சதங்கை அலுமாரிக்கு உள்ளுக்கை போகும், நீ உயர்தரத்துக்கு உயிரியல் வகுப்புக்குப் போவாய். உயர்தரத்திலும் நடனம் ஒரு பாடமாய் இருக்கு, கலைப்பிரிவிலை எடுக்கலாம். மருதனார்மடத்திலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ரை இராமநாதன் நுண்கலைப் பக்கம் பட்டமே வாங்கலாம். மட்டக்களப்பிலை விபுலானந்த அடிகளின்ரை பேரிலையும் ஒரு நிறுவகம் இருக்கு. பள்ளிக்கூடத்திலை படிக்காட்டிலும் வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினையளைத் தரம் தரமாய் எடுத்துக் கலாவித்தகர் ஆகலாம். வழி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வழியைப் பற்றிக் கொம்மாவிட்டை வாயைத் திறந்தாய் எண்டால் அவ முதல் கேக்கிறது, ‘அதுக்குப் பேந்து?’ எண்டுதான். பட்டம் எடுத்த பிள்ளையள் ஆசிரியர் நியமனத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கிறதை அவவும் பார்த்தவ. அந்தப் பயத்திலை பிழை சொல்லமாட்டன். நானும் வெங்காய விலையைப் பார்த்து நடுங்கின ஆள்தானே.

ஆனபடியால்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறன், ஆடிப்போடாதை. ஆடினால் ருசி பிடிக்கும். ருசி பிடிச்சால் ஏ எடுத்தாப் பிறகும் விடமாட்டாய். அது புள்ளிக் கணக்குக்கு நட்டம்.

இப்ப ஒரு சங்கதி. விடிய மூண்டு மணிக்கு எனக்கு இருமல் வந்தால் நித்திரை போயிடும். கிணத்தடிச் சீமெந்திலை ‘தெய்யா தெய்’ கேக்குது. பேயெண்டு முதல் பயந்திட்டன். பேய்க்கு அவ்வளவு தாளக்கட்டு இருக்காது எண்டு பிறகுதான் விளங்கினது. முதலாங்காலம் போச்சு, ரெண்டாங்காலம் போச்சு, மூண்டாங்காலத்திலை ஒரு இடத்திலை தடக்கினனி, பேந்து முதலிலை இருந்து துவங்கினனி. உவ்வளவுக்கும் சோதினை இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேலை. ஆரும் பார்க்கவும் இல்லை, புள்ளி போடவும் இல்லை, படம் எடுக்கிறதுக்கு மாமியின்ரை கமராவும் இல்லை. என்ன விசர்ப்பிள்ளை நீ? கொம்மாவுக்குத் தெரிஞ்சால் மனிசி என்ன பாடுபடும்?

நான் சொல்லேல்லை. ஆனால் சீமெந்திலை தட்டாதை மோனை, குதிக்கால் போயிடும். மாட்டுக்கொட்டில் பக்கம் நல்ல மண் தரை கிடக்கு, நான் நேற்றுச் சாணி போட்டு மெழுகி வைச்சிருக்கிறன். சும்மா மெழுகினனான், உனக்கெண்டு நினையாதை. தடக்கின இடம் நாலாவது சுத்திலைதான். இடக்கால் பிந்துது. எனக்கு என்ன தெரியும், காதாலை கேட்டதைச் சொல்லுறன்.

ஷ், கொம்மா வாறா.

ஓம் பிள்ளை, இஞ்சைதான் இருக்கிறாள். நான் என்னத்தைச் சொல்லப் போறன்? பரதம் லேசு, சும்மா இருந்தே ஏ எடுக்கலாம், பிள்ளையை அதுக்கே விடுங்கோ எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தனான். ஓமோம், உயிரியலுக்கு ஒரு பங்கமும் வராது. படிவத்தைக் கொண்டு வாங்கோ, கையெழுத்து வேணும் எண்டால் நானும் வைக்கிறன். அதோடை பிள்ளை, சின்னவனும் வாற வருசம் ஆறாம் வகுப்பெல்லே, அவனும் அழகியலிலை ஏதோ ஒண்டு எடுக்கத்தானே வேணும். சித்திரப் பெட்டி, வர்ணம் எண்டு பேந்து வேறை செலவு. அக்காவின்ரை பழைய புத்தகங்கள் சும்மாதானே கிடக்கு, அதையே அவனுக்கும் குடுத்தால் காசு மிச்சம் எண்டு தேப்பனுக்கு ஒருக்கால் சொல்லிப் பாருங்கோவன்.